அண்ணி கையில் கட்டிய போர்டு

பிள்ளைகளே,

ஜங்ஷன் ரோட்டில் என் மகள் நடத்தும் ரிப்பேர் கடைக்கு நீங்கள் வேலை கற்றுக்கொள்ள வந்து கொஞ்ச காலமாகிறது. இன்வெர்ட்டர் கார்டும் டிவி போர்டும் கை பழகிவிட்டது, இப்போது ஆளுக்கொரு சர்க்யூட் போர்டு சொந்தமாக வரைந்து ஃபேக்டரிக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று அவள் சொன்னாள். "ஒரு நாள் வந்து பசங்ககிட்ட பேசுங்கப்பா" என்றாள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. அதனால் எழுதித் தருகிறேன். நான் பத்தாவதும் ஐடிஐயும் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த சாஃப்ட்வேரில் வரைவது, கோடு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் போனே என்னைவிட நன்றாகச் சொல்லும். நான் முதன்முதலாக ஃபேக்டரியில் கொடுத்துச் செய்த போர்டு யாருக்காக, அது என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்கிறேன்.

நம் ஊர் பீங்கான் கம்பெனி ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மோட்டார், ஸ்டார்ட்டர், சூளை பேனல் இவையெல்லாம் வயிற்றுக்கு. எலக்ட்ரானிக்ஸ் ஆசைக்கு. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் செம்புத் தகட்டை வைத்துக்கொண்டு, இஸ்திரிப் பெட்டியால் சர்க்யூட் படத்தைத் தேய்த்து ஒட்டி, அரிக்கும் மருந்தில் ஊறவைத்து நானே போர்டு செய்துகொள்வேன். ஆம்ப்ளிஃபையர், எமர்ஜென்சி லைட், டேங்க் நிரம்பினால் கத்தும் மணி என்று என்னென்னவோ. என் மனைவியின் பாதிப் புடவைகளில் அந்த மருந்தின் மஞ்சள் கறை இருக்கும்.

அதே கம்பெனியில் சூளை எரித்தவர் ஒருவர் இருந்தார். கருவேப்பிலங்குறிச்சிக்காரர். என்னைவிட மூத்தவர். பெயர் போட வேண்டாம் என்று அவர் வீட்டில் சொல்லியிருப்பதால் நான் கூப்பிட்ட மாதிரியே அண்ணன் என்று எழுதுகிறேன். அவர் மனைவியும் எங்கள் கம்பெனிதான். களிமண்ணையும் கல் மாவையும் அரைக்கிற பெரிய உருளை இருக்கிறதே, பால் மில், அதன் பக்கத்தில் வேலை பார்த்தவர். உள்ளே கூழாங்கற்கள் உருளுகிற சத்தத்தை வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு அண்ணிக்குக் காது போய்விட்டது. நேருக்கு நேர் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அண்ணனுக்கு அந்த மாவுத் தூசி நெஞ்சில் இறங்கித் தங்கிவிட்டது.

"ஒரே கம்பெனி எனக்கு மூச்ச எடுத்துக்கிச்சு, அவளுக்குக் காத எடுத்துக்கிச்சு. உன்ன மட்டும் எப்புடி வுட்டுச்சு?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார். சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்துவிடும்.

நான் ஓய்வு பெற்ற சமயத்தில் அவர் படுக்கையோடு இருந்தார். மூக்கில் குழாய், கட்டிலுக்குக் கீழே ஆக்சிஜன் மெஷின். ஒருநாள் பார்க்கப் போயிருந்தேன்.

"தம்பி, வுக்காரு. ஒன்னு கேக்கணும்" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டார். "சாவுக்குப் பயம் இல்ல. ஆனா அவ இங்கயே, கீழ பாய் போட்டுப் படுத்திருக்கா. நான் கூப்புட்டா கேக்காது. காலைல எழுந்து பாக்கறப்ப நான் வெறச்சுக் கெடந்தன்னு வையி, அவ தாங்க மாட்டா. நான் கூப்புட்டா அவ எழுந்துக்கற மாதிரி ஒன்னு செஞ்சு குடு."

அண்ணி வாசற்படியில் நின்று எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா சொல்றாரு? என்னப் பத்திதான?"

"உன் சமையலப் பத்தி" என்றார் அண்ணன்.

"சாப்புடறது மூணு வாயி. அதுக்குப் பேச்சு வேற."

அதுவரை அவர்கள் செய்துகொண்டிருந்த ஏற்பாடு என்ன தெரியுமா? ஒரு சேலைக் கிழிசலின் ஒரு முனையை அண்ணன் கையிலும் மறுமுனையை அண்ணி கையிலும் கட்டிக்கொள்வார்கள். அவர் இழுத்தால் இவர் எழுவார். ஒருநாள் அண்ணி புரண்டு படுத்ததில் அந்தத் துணி மூக்குக் குழாயில் சிக்கி, குழாயையே பிடுங்கிவிட்டது. அன்றைக்கு எப்படியோ பிழைத்தார். அதற்குப் பிறகு அண்ணி படுப்பதையே விட்டுவிட்டார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைகளில் விசாரித்தேன். நோயாளி கூப்பிடுகிற மணி என்று விற்பதெல்லாம் சத்தம் போடுகிறது. காது கேட்காதவருக்கு எதற்கு அது? பழைய செல்போனில் இருந்து ஒரு வைப்ரேட்டரைக் கழற்றினேன். அண்ணன் கைக்கு ஒரு ரிமோட், அண்ணி கைக்கு ஒரு பட்டை. ரிமோட்டை அமுக்கினால் பட்டை ஆடும். இதுதான் யோசனை. என் வழக்கப்படி தகரக் கொட்டகையில் முதல் போர்டைச் செய்து கொண்டுபோய்க் கட்டினேன்.

"செங்கல்லக் கட்டிக்கிட்டு தூங்கற மாதிரி இருக்குது தம்பி" என்றார் அண்ணி.

அது மட்டுமில்லை. வியர்வை பட்டு செம்பு பச்சை பிடித்தது. கை மடங்குகிற இடத்தில் கம்பி விட்டுப்போனது. இப்படிப்பட்ட ஒன்றை நம்பி ஒரு மனுஷியைத் தூங்கச் சொல்ல முடியாது. தீப்பெட்டி அளவில், அசைந்தாலும் வியர்த்தாலும் கெடாத மாதிரி, ஃபேக்டரியில்தான் செய்ய வேண்டும் என்று மகளின் லேப்டாப்பில் உட்கார்ந்து வரையக் கற்றுக்கொண்டேன்.

வரைவதற்கு முன்னால் அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். எங்கள் சூளையில் சூடு எல்லை தாண்டினால் ஒரு மணி அடிக்கும். அதை நிறுத்துகிற சுவிட்ச், எரிக்கிறவர் உட்காரும் இடத்தில் இருக்காது. சூளை வாய்க்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும். தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. எழுந்து போய், நெருப்பைக் கண்ணால் பார்த்தால்தான் மணியை நிறுத்த முடியும்.

"அது மாதிரியே வையி" என்றார். "அவ கையில நிறுத்தற பட்டன் வேணாம். தூக்கத்துல தடவி நிறுத்திட்டுத் திரும்பிப் படுத்துக்குவா."

"அப்ப உங்க பக்கத்துல வச்சுடறேண்ணே."

"என் கைக்கும் எட்டக் கூடாது. அந்தச் சொவத்துல வையி."

"ஏண்ணே?"

"அவ தூங்கறதப் பாத்தா நானே நிறுத்திடுவேன்."

அப்படியே செய்தேன். ஒருமுறை ஆட ஆரம்பித்தால் பட்டை தானாக நிற்காது. அண்ணி எழுந்து, கட்டிலைத் தாண்டி, தலைமாட்டுச் சுவரில் அண்ணன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் பட்டனை அமுக்கினால்தான் நிற்கும். பிள்ளைகளே, பார்ட்ஸை எந்த இடத்தில் வைப்பது என்று கம்ப்யூட்டர் திரையில் யோசிப்பீர்கள். அந்த வீட்டில் யார் எங்கே படுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து யோசியுங்கள்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும்போது காகிதத்தில் இருப்பது செம்பில் இடம் வலமாக மாறிப் பதியும். அதனால் படத்தை முன்கூட்டியே திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுப்போம். அத்தனை வருஷப் பழக்கம். கோடு, ஓட்டை எல்லாவற்றையும் பலமுறை சரிபார்த்துவிட்டு, கடைசியில் கை தானாக மொத்தப் படத்தையும் திருப்பியது. அப்படியே அனுப்பிவிட்டேன். ஃபேக்டரிக்காரனுக்கு இஸ்திரிப் பெட்டி ஏது? கொடுத்ததைக் கொடுத்தபடி அடித்து அனுப்பினான்.

பார்சல் வந்ததும் பச்சைப் பசேலென்று, ஓரமெல்லாம் வழவழப்பாக, கையில் எடுத்தபோது குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டேன். ஐசி சிப்பை வைத்துப் பார்த்தேன். கால்கள் எல்லாம் இடம் மாறி நின்றன. அப்போதுதான், மகள் ஆசையாக ஓரத்தில் போட்டிருந்த ‘அண்ணி’ என்ற எழுத்தைப் பார்த்தேன். கண்ணாடியில் தெரிவது மாதிரி இருந்தது.

அதையும் எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். மறைத்து என்ன ஆகப் போகிறது?

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆம்புலன்ஸ் முன்னாடிதான் இப்புடி எழுதியிருப்பாங்க. வண்டி வந்துடுச்சு, கெளம்புன்னு சொல்றியா?"

"தப்பாப் போச்சுண்ணே. மறுபடி ஆர்டர் போடணும்."

"போடு, போடு" என்றார். ஆனால் கண் அண்ணி பக்கம் போனது. அண்ணியின் வலது கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. நின்றபடியே கண் அசந்து, கொதிக்கிற கஞ்சியைக் கையில் கொட்டிக்கொண்டிருக்கிறார். தூங்கி எத்தனை நாளாயிற்றோ.

கடைக்குத் திரும்பியதும் மகள் லேப்டாப்பைத் திறந்தாள். "திருத்தி அனுப்பிடலாம்பா. ஒரு வாரம் பத்து நாள்ல வந்துடும்." அவள் சொன்னது நியாயம். என் கண்ணுக்கு அந்த ஈரத்துணிதான் தெரிந்தது. போர்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முழுக்கத் திரும்பியிருக்கிறது என்றால், பின்பக்கத்தில் இருந்து பார்த்தால் நேராகத்தானே இருக்கும்? ஓட்டைகள் இரண்டு பக்கமும் செம்பு பூசியவை. பார்ட்ஸை முன்பக்கம் வைக்காமல் பின்பக்கத்தில் இருந்து சொருகினால் எல்லாக் காலும் அதனதன் இடத்துக்கு வந்துவிடும்.

"பாக்க அசிங்கமா இருக்குமேப்பா" என்றாள்.

"யாரும்மா பாக்கப் போறாங்க? கையில கட்டிக்கறது."

அன்றே சால்டரிங் செய்தோம். எந்த பார்ட் எங்கே என்று எழுதியிருந்த பக்கம் அடியில் போய்விட்டதால், அவள் முகம் பார்க்கும் கண்ணாடியை அடியில் பிடித்துக்கொண்டு படித்துச் சொல்லச் சொல்ல நான் வைத்தேன். ஒன்று தப்பாகிவிட்டால் முதலில் திட்டிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. பிறகு கையில் இருப்பதை நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள். புதிதாக ஆரம்பிப்பது அப்புறம்.

மறுநாள் கொண்டுபோய்க் கட்டினேன், பட்டனைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். அண்ணி அடுப்படியில் இருந்தார். அண்ணன் ரிமோட்டை அமுக்கினார். கரண்டியும் கையுமாக ஓடி வந்தார் அண்ணி.

"என்னாங்க?"

"ஒன்னும் இல்ல. சும்மா."

சுவரில் போய் நிறுத்திவிட்டு அடுப்படிக்குத் திரும்பினார். அண்ணன் மறுபடி அமுக்கினார். மறுபடி ஓடி வந்தார்.

"இன்னொரு வாட்டி சும்மா அமுக்கினீங்க, புடுங்கிக் கெணத்துல போட்டுடுவேன்."

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் சூளையில்கூடப் பார்த்ததில்லை. ஒரு குரல் கொடுத்தால் மனைவி திரும்பிப் பார்க்கிற சுகம் அவருக்கு எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு திரும்பக் கிடைத்தது. அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் அமுக்குவாராம். முதுகு அரிக்கிறது என்று, வாசலில் மாடு நுழைகிறது என்று, டிவியில் அவருக்குப் பிடித்த பாட்டு வருகிறது என்று. அண்ணிக்குப் பாட்டு கேட்காது. ஆனாலும் வந்து உட்கார்ந்து பார்ப்பாராம். முக்கியமாக, அண்ணி பாயை விரித்துப் படுத்துத் தூங்க ஆரம்பித்தார்.

மழைக்காலம் தொடங்கிய சமயம், விடிவதற்கு முன்பு அண்ணன் போய்விட்டார். நான் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். அண்ணியிடம் எதுவும் பேச முடியவில்லை. கூட்டம் அப்படி.

காரியம் எல்லாம் முடிந்தபின் அண்ணி தனியாகப் பஸ் ஏறி நம் கடைக்கு வந்தார். கையில் ஒரு டிபன் டப்பா. அதைத் திறந்து மேஜையில் வைத்தார். பட்டை, ரிமோட், சுவரில் இருந்து ஆணியோடு பிடுங்கிய பட்டன், மூன்றும் உள்ளே இருந்தன.

"தம்பி, இது அன்னிக்கு வேலை செஞ்சுதா இல்லையா, அத மட்டும் பாத்துச் சொல்லு."

மகள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அண்ணி உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"நல்லா தூங்கிட்டேன். எழுந்து பாக்கறப்ப வெய்யிலு உள்ள வந்துடுச்சு. இது கையிலதான் இருந்துது. ஆடல. அவரு ஜில்லுனு இருந்தாரு. அன்னிக்கே அவுத்து, மூடியக் கழட்டி உள்ள இருக்கற சுவிட்ச நிறுத்தி டப்பாவுல போட்டுட்டேன், இன்னும் தொடல. ஊருல பேசறாங்க தம்பி. எனக்குக் கேக்காதுன்னு எனக்கு முன்னாடியே பேசறாங்க. வாயிதான் தெரியுதே. புருசன் கூப்புடக் கூப்புட மரமாட்டம் தூங்குனான்னு அவரு அக்கா சொல்றாங்க. அப்புடியா ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்."

மகள் என்னைப் பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஒரு கம்பி விட்டிருக்கிறது, மெஷின்தான் ஏமாற்றிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழி என் தலைக்கு வந்துவிடும். அண்ணியை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். ஆனால் அப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? அவர் அமுக்கி அமுக்கிப் பார்த்தார், ஒருவரும் வரவில்லை என்று அர்த்தம். மிச்சமுள்ள காலம் முழுக்க அண்ணி அந்தக் கட்டிலைப் பார்த்து அதையே நினைத்துக்கொண்டிருப்பார். இல்லாத ஒன்றை நான் அவர் தலையில் ஏற்றிவிடுவேன்.

முதலில் பார்ப்போம் என்று மீட்டரை எடுத்தேன். பட்டையின் பேட்டரியில் நல்ல சார்ஜ் இருந்தது. ஒரு தடவை அமுக்கியிருந்து, அது விடியும்வரை ஆடியிருந்தால் அந்தச் சின்ன பேட்டரி செத்திருக்கும். ரிமோட்டை அமுக்கினேன், பட்டை ஆடியது. சுவர்ப் பட்டனை அமுக்கினேன், நின்றது. மகளை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று அமுக்கச் சொன்னேன். ஆடியது. எத்தனை தடவை செய்தாலும் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அண்ணி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீட்டரை வைத்துவிட்டு, அவருக்கு என் உதடு தெரியும்படி எதிரில் உட்கார்ந்தேன்.

"மூணும் நல்லா இருக்குது அண்ணி. அவரு அமுக்கியிருந்தா நீங்க எழுந்து போய் நிறுத்தற வரைக்கும் ஆடிக்கிட்டே இருந்திருக்கும். தூக்கத்துல உங்களால நிறுத்த முடியாது. காலைல ஆடலன்னா, அவரு அமுக்கல."

"கூப்புடல."

"கூப்புடல அண்ணி."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

டப்பாவின் மூடியை விரலால் தடவினார். "ஏன் கூப்புடல?"

"அது இதுக்குத் தெரியாது அண்ணி. தூக்கத்துலயே போயிருக்கலாம்."

"தூக்கத்துல இல்ல தம்பி. கண்ணு தொறந்துதான் இருந்துது. என் பக்கம் திரும்பிக்கிட்டு."

மகள் எழுந்து கடைக்கு உள்ளே போய்விட்டாள்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத அவரு அக்காகிட்ட வந்து சொல்லுவியா? நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

அடுத்த பஸ்ஸிலேயே நானும் அண்ணியும் போனோம். அண்ணனின் அக்கா வாசலில் நெல் காய வைத்துக்கொண்டிருந்தார். தெருவில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். டப்பாவைத் திறந்து, செய்து காட்டி, கடையில் சொன்னதையே அங்கேயும் சொன்னேன். கண் திறந்திருந்ததை நான் சொல்லவில்லை. அது நான் சோதித்துப் பார்த்தது இல்லை. அதை அண்ணி சொன்னார்.

பிள்ளைகளே, நீங்கள் செய்த ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது ஒருநாள் உங்கள் எதிரில் வந்து உட்காருவார்கள். மீட்டர் காட்டியதை மட்டும் சொல்லுங்கள். கூட்டியும் சொல்லாதீர்கள், இரக்கப்பட்டுக் குறைத்தும் சொல்லாதீர்கள். மிச்சத்தை அந்த வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்வார்கள்.

அந்த அக்கா நெல்லைத் தள்ளுகிற பலகையைக் கீழே வைத்தார். பிறகு அண்ணியின் பக்கத்தில் வந்து, அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, வாய் நன்றாகத் தெரியும்படி மெதுவாகச் சொன்னார்.

"ஒன்ன எழுப்ப மனசு வரல அவனுக்கு."

அண்ணி அந்த வாயையே பார்த்தார்.

"எழுப்பியிருக்கலாம்" என்றார்.